‘இருக்கார் மேடம், ரிலே’

இந்த வருடம் பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசிக்கொள்ள அனுமதிக்கும் ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியிருக்கும் பதினோரு பேருக்காக ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்தின் ஆண்டு மலர்க் குழு கேட்டது. “புயல், வெள்ளம்னு உங்களுக்கு எவ்வளவோ அனுபவம் இருக்கு மேடம். புதுசா வர்றவங்களுக்கு உற்சாகமா இருக்கணும்” என்றார்கள். உற்சாகம் என் கைவசம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தொலைபேசி இலாகாவில் ட்ரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள். வீடு மயிலாப்பூர். ஆபீஸில் முழு நாளும் அடுத்தவர் பேச்சை இணைத்துக்கொடுத்தது போதாதென்று, பத்தொன்பது வருடம் நம் சங்கத்தின் காலை ஆறரை மணி நெட்டை நடத்தினேன். ரேடியோவில் எல்லாரும் ஒரே அலைவரிசைக்கு வந்து வருகை சொல்லிவிட்டுப் போகும் கூட்டத்தைத்தான் நெட் என்கிறோம். ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவது என் வேலை. பதில் வந்தால் நோட்டில் ஒரு டிக். கேட்பதற்குப் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு மாதிரிதான் இருக்கும். நானும் கொஞ்சம் டீச்சர் மாதிரிதான், கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்த மாதப் பொதுக்குழுவில் இந்த நெட்டை என்ன செய்வது என்று நீங்கள் ஓட்டுப் போடப் போகிறீர்கள். நகரத்தில் இருக்கும் சின்னச் சின்ன சங்கங்களை எல்லாம் ஒன்றாக இணைப்பது, இணையம் வழியாக இயங்கும் செயலி ஒன்றை வைத்துக்கொள்வது, யார் யார் இருக்கிறார்கள் என்பதை அந்தச் செயலியே பச்சைப் புள்ளி வைத்துக் காட்டிவிடும் என்பது, இதுதான் திட்டம். ஓட்டுப் போடுவதற்கு முன்னால், பாலவாக்கத்தில் ஒரு மனிதர் தரையில் கிடந்த மூன்று காலைகளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மூன்று காலையும் நான் அவர் பெயருக்கு நேரே டிக் போட்டிருக்கிறேன்.

முதலில் இந்த வேலையின் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயரைக் கூப்பிட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். அவ்வளவுதான். எண்ணாமல் அடுத்த பெயருக்குத் தாவுகிறவர் நெட் நடத்த லாயக்கில்லை.

அடையாறு கரை புரண்ட வருடம் அது. மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை. கோட்டூர்புரத்தில் இருந்த ஒரு உறுப்பினரைக் கூப்பிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பேச்சு வரவில்லை. ஐந்தாவது எண்ணும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். யாரோ மைக்கின் பட்டனை அழுத்தி விட்டது மாதிரி இருந்தது. எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. “கோட்டூர்புரம், நான் பேசறது கேட்டா ரெண்டு தடவை அழுத்துங்க” என்றேன். டிக், டிக். மைக் நனைந்து பேச்சு போகவில்லை, பட்டன் மட்டும் வேலை செய்கிறது என்று புரிந்தது. “வீட்ல எத்தனை பேர்? அத்தனை தடவை அழுத்துங்க.” ஏழு. “நோயாளி யாராவது?” டிக், டிக். “தண்ணி முதல் மாடிக்கு வந்துடுச்சா?” டிக், டிக். படகு போய் ஏழு பேரையும் கொண்டுவந்தது. பிறகு அவர் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் அவசரக்காரியாக இருந்து நாலு எண்ணியதும் அடுத்த பெயருக்குப் போயிருந்தால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டிருக்காது. அன்று எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘என் காதுக்குத் தப்பி எதுவும் போகாது’ என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது ரிலே என்ற வழக்கத்துக்கு வருகிறேன். நம் சங்கத்தில் ஆட்களை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். பாலவாக்கம் என்பவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் வெளிநாட்டில். கடற்கரைக்குப் போகும் தெருவில் தனி வீடு. அவருக்கும் எங்கள் ரிப்பீட்டருக்கும் நடுவில் ஒரு அடுக்குமாடி எழும்பியது. ரிப்பீட்டர் என்பது மயிலாப்பூரில் ஒரு ஏழு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் நாங்கள் வைத்திருந்த பெட்டி. பலவீனமாக வரும் குரலை வாங்கி ஊருக்கெல்லாம் உரக்கத் திருப்பிச் சொல்லும். அடுக்குமாடி வந்த பிறகு பாலவாக்கத்தின் குரல் அந்தப் பெட்டியை எட்டவில்லை. எங்கள் குரல் மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்கும்.

அவருடைய உயிர் நண்பர் நங்கநல்லூர் மாமா. வங்கியில் இருந்தவர். ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடி, மொட்டைமாடியில் பெரிய ஆன்டெனா. இருவரும் தினம் ஆறு மணிக்கு வேறொரு அலைவரிசையில் நேரடியாகப் பேசிக்கொள்வார்கள். காபி முதல் கிரிக்கெட் வரை எல்லாம் அலசி முடித்துவிட்டு ஆறரைக்கு மாமா நெட்டுக்கு வருவார். நான் பாலவாக்கத்தைக் கூப்பிட்டதும், “பாலவாக்கமும் இருக்கார் மேடம், ரிலே” என்பார். ஒருவர் குரலைத் தன் காதால் கேட்ட இன்னொருவர் அவருக்காக வருகை சொல்வதுதான் ரிலே. உலகம் முழுக்க உள்ள வழக்கம், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தப்பு எப்படி வந்தது என்றால், மெதுவாக வந்தது. மாமாவுக்குச் சர்க்கரை. டாக்டர் காலையில் நடக்கச் சொன்னார். ஆறு மணிப் பேச்சு வாரத்தில் நான்கு நாளாகி, பிறகு இரண்டு நாளாகியது. ஆனால் “இருக்கார் மேடம், ரிலே” மட்டும் ஏழு நாளும் வந்துகொண்டிருந்தது. அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். பெசன்ட் நகருக்காகத் திருவான்மியூர் சொல்லும், திருவான்மியூருக்காக ஆழ்வார்பேட்டை சொல்லும். கல்லூரியில் நண்பனுக்காக ‘எஸ் சார்’ சொல்வோமே, அதேதான். அறுபது வயதுக்கு மேல் அதைச் செய்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குத் தெரியாமல் நடந்ததா? நன்றாகத் தெரியும். கண்டுகொள்ளாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. ரிப்பீட்டர் இருந்த கட்டடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருநாள் மொட்டைமாடிக்கு ஏறி வந்து எங்கள் ஆன்டெனாக் கம்பத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுல பேசறவங்க மொத்தம் எத்தனை பேருங்க? சும்மா நாலு பேர் அரட்டை அடிக்கிறதுக்கு இவ்ளோ பெரிய கம்பமா? லிஸ்ட் குடுங்க, கமிட்டில வைக்கிறேன்.”

உண்மையில் வாய் திறந்து பேசுகிறவர்கள் ஒன்பது பேர். ரிலேயைச் சேர்த்தால் முப்பத்துநான்கு. நான் முப்பத்துநான்கு என்று எழுதிக் கொடுத்தேன். பேரிடர் காலத்துக்கு எத்தனை நிலையங்கள் தயார் என்று அதிகாரிகள் கேட்டபோதும் அதே பட்டியலைத்தான் கொடுத்தேன். மொட்டைமாடி போய்விட்டால் ரிப்பீட்டர் போய்விடும், ரிப்பீட்டர் போனால் சங்கம் போய்விடும் என்று பயந்தேன். பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. சங்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

பொங்கல் முடிந்த வாரம். பாலவாக்கத்தின் வீட்டில் வேலை செய்யும் அம்மா ஊருக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை கூப்பிட்டேன், “இருக்கார் மேடம், ரிலே.” டிக். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை “அடுத்து பாலவாக்கம்” என்றேன். ஐந்து எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல் மாமாவின் குரல் தயாராக நின்றது.

“நமஸ்காரம் மேடம். பாலவாக்கமும் இருக்கார், ரிலே.”

“குட் மார்னிங் பாலவாக்கம்” என்று சொல்லி டிக் போட்டேன்.

அப்போது ஒரு குரல் குறுக்கே வந்தது. தி.நகர் இலியாஸ் பாய். பாண்டி பஜார் பக்கம் ஆம்ப்ளிஃபயர், மிக்ஸி, ரேடியோ என்று எதைக் கொடுத்தாலும் பழுது பார்ப்பவர். எங்கள் ரிப்பீட்டருக்கும் அவர்தான் வைத்தியர்.

“பிரேக், பிரேக். மேடம், தி.நகர் பேசறேன். இன்னா மேடம், பாலவாக்கம் வூட்ல கீறாரா? நேத்து சாயங்காலம் அவரோட ஸ்பேர் பவர் சப்ளைய ரிப்பேர் பண்ணி குடுக்கலாம்னு போனேன். பெல் அடிச்சி அடிச்சி வெரலு வலிச்சிடுச்சி, தொறக்கல. பேப்பரு வேற ரெண்டு நாளா வாசல்லயே கெடக்குது. உள்ள ஃபேன் மட்டும் ஓடிக்கினு கீது. ஊருக்குப் போய்ட்டாருன்னு நெனச்சிக்கினு வந்துட்டேன்.”

“நங்கநல்லூர், இன்னிக்கு நீங்க பாலவாக்கத்தோட பேசினீங்களா?” என்று கேட்டேன்.

அன்று ஐந்து எண்ணினேன்.

“நங்கநல்லூர், கடைசியா அவர் குரலை உங்க காதால எப்போ கேட்டீங்க?”

“ஞாயித்துக்கெழமை கார்த்தால மேடம்” என்றார் மாமா. குரலே மாறிவிட்டது. “வாக்கிங் போயிண்டிருந்தேன்… அவன் எங்க போகப் போறான், ஆத்துலதானே இருப்பான்னு நெனச்சிண்டு…”

நெட்டை நிறுத்தினேன். “பாலவாக்கம் பக்கத்துல யார் இருக்கீங்க? உடனே கிளம்பணும்.” நோட்டைப் பார்த்தேன். திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் நான்கிலும் அன்று காலை டிக் இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். நால்வருமே ரிலே. ஒருவர் குரலும் வரவில்லை. என் பட்டியலில் முப்பத்துநான்கு பேர் இருந்தார்கள், ஆனால் பாலவாக்கத்துக்குப் போய்க் கதவைத் தட்ட ஒரு ஆள் இல்லை. கடைசியில் அங்கிருந்து வெகுதூரத்தில் இருந்த இலியாஸ் பாய்தான், “நான் போறேன் மேடம், வண்டிய எடுத்துட்டேன்” என்றார். நான் போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் செய்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். மத்திய கைலாஷ் சிக்னலில் நின்ற நேரத்தை என் ஆயுளில் மறக்க மாட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கதவை உடைத்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். உயிர் இருந்தது. திங்கட்கிழமை விடியற்காலையில் ஆன்டெனா வயரைச் சரிசெய்ய ஸ்டூல் மேல் ஏறி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. செல்போன் வேறு அறையில். மேஜையிலிருந்து உருண்டு விழுந்த ஒரு தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டியதால் அத்தனை நேரம் தாங்கியிருக்கிறார். பாய் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார்.

வீட்டைப் பூட்ட வேண்டுமே என்று நான் உள்ளே போனேன். அவருடைய ரேடியோ அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேஜை மேல் ரேடியோ. மைக் அதன் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது, தரையில் கிடப்பவர் கைக்கு எட்டாத உயரத்தில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரேடியோவிலிருந்து நங்கநல்லூர் மாமாவின் குரல் வந்தது. “மேடம், ஏதாவது தெரிஞ்சுதா? அவன் எப்படி இருக்கான்? ஓவர்.” சத்தம் தெளிவாக, அறை நிறைய இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கையாலேயே அதை அணைத்தேன்.

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் பேசும் நிலைக்கு வந்தார். நான் தனியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருக்குக் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“மேடம், ஆறரைக்கு நீங்க வருவீங்கன்னு தெரியும்” என்றார். “வலியில எனக்கு இருந்த ஒரே தெம்பு அதுதான். பேர் கூப்பிடுவாங்க, நம்ம குரல் வராது, உடனே தேடுவாங்கன்னு நினைச்சேன். நீங்க ‘பாலவாக்கம்’னு கூப்பிட்டீங்க. அவன் ‘இருக்கார்’னு சொல்லிட்டான். நான் தரையிலேர்ந்து ‘இல்லடா, நான் விழுந்து கெடக்கேன்டா’ன்னு கத்தினேன். நீங்க ‘குட் மார்னிங்’ சொல்லிட்டு அடுத்த பேருக்குப் போயிட்டீங்க.”

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

“மறுநாளும் அதேதான். சாயங்காலம் பெல் அடிச்சது கேட்டுது, என் குரல் வாசல் வரைக்கும் எட்டல. மூணாவது நாள் எனக்குக் கத்தத் தெம்பு இல்ல. அன்னிக்குத்தான் பாய் பேசினார். நீங்க ‘கடைசியா எப்போ கேட்டீங்க’ன்னு கேட்டீங்க பாருங்க, அதைக் கேட்டு அழுதுட்டேன் மேடம்.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோட்டூர்புரத்தில் ஒரு பட்டன் சத்தத்தைக் கண்டுபிடித்தேன் என்று இத்தனை வருடம் பீற்றிக்கொண்ட காதுகள் இவை.

வெளியே வராந்தாவில் நங்கநல்லூர் மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரத் தைரியம் இல்லை. இரண்டு நாளில் பத்து வயது கூடிய மாதிரி இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கேட்டார்.

“மேடம், நெஜத்தச் சொல்லுங்கோ. அவனாத்துல ரேடியோ ஆன்ல இருந்துதா?”

என் பணிக்காலத்தில் எத்தனையோ நெருக்கடியான கேள்விகளுக்கு ஒரு நொடியில் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கும் ஒரு நொடியில் சொன்னேன்.

“இல்ல மாமா. ஆஃப்ல இருந்தது.”

“நல்ல வேளை!” என்று அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “அவன் மட்டும் நான் சொன்னதக் கேட்டுண்டு கெடந்திருந்தான்னா, நான் உசுரோட இருக்கறதுல அர்த்தமே இல்ல மேடம்.” முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவருக்கு எழுபத்தைந்து வயது, சர்க்கரை, நெஞ்சில் ஸ்டென்ட். நான் சொன்னது சரி என்றே அப்போது நினைத்தேன். உங்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

பாலவாக்கமும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. மாமா தினமும் வந்து கஞ்சி ஊட்டிவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் பாலவாக்கத்துக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. மகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தபோதே போய்விட்டார். நம் வழக்கப்படி மறுநாள் காலை நெட்டில் அவரைக் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டேன். ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருந்தோம். பிறகு பட்டியலில் அடித்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு ஒரு பாடம் கிடைத்திருக்கும். ரிலே கூடாது, ஐந்து எண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். சில வாரம் எல்லாரும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். நெட்டில் ஒன்பது குரல், பத்து குரல். பிறகு ஒருநாள் காலை பெசன்ட் நகரைக் கூப்பிட்டேன். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் பழகிய குரல் வந்தது.

“பெசன்ட் நகரும் இருக்கார் மேடம், ரிலே.”

நங்கநல்லூர் மாமாதான்.

“நீங்க கேட்டீங்களா மாமா?” என்றேன்.

“கேக்காம சொல்லுவேனா மேடம்?” என்று சிரித்தார்.

பெசன்ட் நகர் அந்த வாரம் முழுக்கப் பெங்களூரில் பேரனோடு இருந்தார். முந்தின நாள்தான் அங்கே எடுத்த படத்தை வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்.

அன்று நோட்டை மூடிவைத்தேன். மாமா கெட்டவர் இல்லை. நண்பரை இழந்து துடித்தவர். ஆனால் அவர் கணக்கில் அது ஒரு விபத்து. ரேடியோ அணைந்திருந்தது, தான் சொன்ன பொய் யாருக்கும் கேட்கவில்லை, கொஞ்சம் தாமதம் ஆனது, விதி. அப்படித்தான் அவர் மனதுக்குள் அது அடங்கியிருந்தது. அடங்க வைத்தவள் நான். அவர் பாலவாக்கத்துக்காகச் சொன்ன ‘இருக்கார்’ எப்படியோ, நான் அவருக்காகச் சொன்ன ‘ஆஃப்ல இருந்தது’ அப்படியே. இரண்டும் பாசத்தில் சொன்னவை. எங்கள் சங்கமே இப்படிப் பாசத்தால் கெட்டுப்போன சங்கம்.

அந்த வாரமே குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். முன்பு கொடுத்த பட்டியல் சரியில்லை, உண்மையில் பேசுகிறவர்கள் ஒன்பது பேர் என்று எழுதினேன். அடுத்த கமிட்டியிலேயே கம்பத்தை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். இலியாஸ் பாய்தான் ஏறிக் கழற்றினார். “இன்னா மேடம், உன் கையாலயே வெச்சிக்கினியே ஆப்பு” என்றார். மற்றவர்கள் அவ்வளவு மரியாதையாகக்கூடச் சொல்லவில்லை. கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று குழுவில் எழுதினார்கள். பேதலிக்கவில்லை. கொஞ்சம் தாமதமாகத் தெளிந்தது.

கம்பம் போன பிறகு நெட்டில் நான்கு பேர்தான் மிஞ்சினார்கள். இப்போது நெட்டும் நின்றுவிட்டது. அதனால்தான் இணைப்பு, செயலி என்று பேசுகிறீர்கள். வரைவுத் திட்டத்தைப் படித்தேன். எல்லாச் சங்கங்களும் சேர்ந்தால் உறுப்பினர் எண்ணிக்கை பெரியதாக இருக்கும், அரசாங்கம் மதிக்கும், பேரிடர் சமயத்தில் நம்மைக் கூப்பிடுவார்கள் என்று போட்டிருக்கிறது. நீங்கள் நல்ல பிள்ளைகள், நன்றாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் முப்பத்துநான்கு என்று நன்றாகத்தான் எழுதினேன். பாலவாக்கம் தரையில் கிடந்த மூன்று நாளும் அவர் ரேடியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. உங்கள் செயலி இருந்திருந்தால் அவர் பெயருக்கு நேரே மூன்று நாளும் பச்சைப் புள்ளி காட்டியிருக்கும். மாமாவின் உதவிகூடத் தேவைப்பட்டிருக்காது.

இதற்கு மாற்று என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியவில்லை. உங்கள் பதினோரு பேரில் உரிமம் வந்த நாளிலிருந்து ஒருமுறையாவது மைக்கைப் பிடித்துப் பேசியவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் உரிமத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய படத்தைத்தான் நான் குழுவில் பார்த்தேன். தினமும் ஒரே நேரத்தில் வந்து, ஒரு பெயரைக் கூப்பிட்டு, பதில் வராவிட்டால் எழுந்து போய்க் கதவைத் தட்டுகிற சலிப்பான வேலைக்கு இனிமேல் ஆள் கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அது இல்லாத சங்கத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும், எத்தனை சங்கங்களைச் சேர்த்தாலும், அது உறுப்பினர் பட்டியல் மட்டும்தான். இப்படி எழுதுவது எனக்கும் வேதனையாகத்தான் இருக்கிறது. பத்தொன்பது வருடத்துக் காலை நேரங்களை இதற்குக் கொடுத்தவள் நான்.

இந்த மலர் உறுப்பினர் எல்லாருக்கும் தபாலில் போகும். நங்கநல்லூருக்கும் போகும். மூன்று முறை நேரில் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். ஒருமுறை கோயில் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன். நேரில் சொன்னால் அவர் அழுவார், நான் சமாதானம் சொல்வேன், இருவரும் சேர்ந்து அதை மறுபடி மூடி வைத்துவிடுவோம். எங்களுக்கு அது கைவந்த கலை. அதனால் எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். இது கருணையா கொடுமையா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மாமா, ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் நிஜத்தைச் சொல்லச் சொன்னீர்கள், நான் சொல்லவில்லை. ரேடியோ ஆனில்தான் இருந்தது. மூன்று காலையும் உங்கள் குரலையும் என் குரலையும் அவர் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார்.